ஒவ்வாமை வைத்தியரை ஆக்குவது எவ்வாறு? காவிரிப் படுகையிலிருந்து ஓர் ஆய்வு

வினாவும் அதன் வயதும்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, திருவாரூர்ச் சீமையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும் நாட்களில், தூற்றும் இயந்திரம் வாரி இறைக்கும் பதரையும் தூசியையும் பகல் முழுதும் முகத்தில் ஏற்றபடி 40 கிலோ மூட்டைகளைப் பிடித்து அடுக்கும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு, இரவில் படுத்தால் இளைப்பும், காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மலும், முழங்கை மடிப்பில் ஓயாத அரிப்பும் காணுமாயின், அவர் எந்த வைத்தியரை நாடுவது என்னும் கேள்விக்கு இன்றுவரை ஒருமனதான விடை கிடையாது. இளைப்புக்கு நெஞ்சு டாக்டர், தும்மலுக்குக் காது மூக்கு தொண்டை டாக்டர், அரிப்புக்குத் தோல் டாக்டர் என மூன்று சீட்டுகளும், மூன்றிலும் ஏறத்தாழ ஒரே மாத்திரையும் அவர் கைக்கு வந்து சேர்வது அபூர்வமன்று. மூன்று உபத்திரவங்களுக்கும் மூலம் ஒன்றாயிருக்கக்கூடும் என்று சந்தேகித்து, அந்த மூலத்தைத் தேடுவதையே தம் தொழிலாகக் கொண்ட ஒரு வைத்தியர் தேவையா, தேவையெனில் அவரை எந்தப் படிப்பின்மீது, எத்தனை ஆண்டு, எங்கே பயிற்றுவிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கேள்வி பழையது. 1819இல் லண்டன் வைத்தியர் ஜான் பாஸ்டாக், ஆண்டுதோறும் கோடையில் தம்மையே வருத்திய கண்ணெரிச்சலையும் மூக்கொழுக்கையும் ஒரு தனி வியாதியாக வருணித்தார். 1873இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தத்தைத் தம் உடம்பிலேயே பரீட்சித்து, அவ்வியாதியின் காரணத்தை நிலைநாட்டி நூல் வெளியிட்டார். 1906இல் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே ‘அலர்ஜி’ என்னும் பெயரைச் சூட்டினார். 1911இல் லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் லெனார்ட் நூனும் ஜான் ஃப்ரீமனும், புல் மகரந்தத்தின் சாற்றையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிப் பழக்கும் ஊசிமுறையை வெளியிட்டனர். கையில் ஊசி வந்தவுடனே, அதைப் போடத் தகுந்தவர் யார், அவருக்குக் கற்பிக்கத் தகுந்தவர் யார் என்னும் வழக்கும் உடன்பிறந்தது. அவ்வழக்கில் இதுகாறும் எழுந்த கட்சிகள் நான்கு எனலாம்.

தனித் துறை என்னும் கட்சி

முதற்கட்சி அமெரிக்காவில் வலுப்பெற்றது. உள்மருத்துவப் பிரிவினரும் குழந்தை மருத்துவப் பிரிவினரும் தத்தமக்குத் தனித்தனியே நடத்திவந்த ஒவ்வாமைத் தகுதித் தேர்வுகளை ஒன்றாக்கி, 1971இல் இருவரும் கூட்டாக ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் வாரியத்தை அமைத்தனர். அன்றுதொட்டு நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது: உள்மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ 3 ஆண்டுப் பயிற்சி முடித்தவர், அதன்மேல் 2 ஆண்டு ஃபெலோஷிப் பயில வேண்டும், எத்துறையிலிருந்து வந்தாலும் குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்க்கப் பழக வேண்டும், ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை, தோல் தடிப்பு ஆகியவற்றோடு பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகளையும் கற்க வேண்டும், பின்பு வாரியத் தேர்வில் தேற வேண்டும். ஸ்பெயின் நாடு இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வாமையியலை மருத்துவப் பட்டத்தை அடுத்து நேரே பயிலத்தக்க 4 ஆண்டுத் தனித் துறையாகவே வைத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் எதற்கு என்று வினவுவோர் உண்டு. ஒரே ஒரு சோதனையை அருகிலிருந்து கவனித்தால் விடை விளங்கும். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் வரிசையாகக் குறியிட்டு, ஒவ்வொரு குறியருகிலும் ஒரு பொருளின் சாற்றில் ஒரு சொட்டு வைத்து, சொட்டின் ஊடே சிறு முள்முனையால் இரத்தம் கசியாதவாறு தோலைக் குத்துகிறார்கள். ஒரு சொட்டு ஹிஸ்டமின்; அது தடித்தே ஆக வேண்டும். ஒரு சொட்டு உப்புநீர். அது தடிக்கவே கூடாது. 15 முதல் 20 நிமிஷங்களுக்குப் பின், உப்புநீரைக் காட்டிலும் 3 மில்லிமீட்டர் அகலம் கூடுதலாகத் தடித்தவற்றை ‘பாசிட்டிவ்’ என்று குறிக்கிறார்கள். நோயாளி முந்திய நாள் சளிக்கு ஒரு செட்டிரிசின் விழுங்கியிருந்தால் அத்தனையும் பொய்த்துப் போகும். கையால் செய்யும் இவ்வேலை நல்ல நர்ஸ் ஒருவருக்குச் சில வாரங்களில் கைவந்துவிடும். அதற்குப் பின்னே தொடங்குவதுதான் வைத்தியம். தோல் தடித்தது என்பதற்கு, உடம்பு அப்பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதற்கு மேல் பொருளில்லை. அப்பொருளால்தான் இளைப்பு வருகிறது என்று தீர்மானிக்க, நோயாளியின் வீடு, தொழில், பருவம், உணவு ஆகிய அனைத்தையும் விசாரித்துப் பொருத்திப் பார்க்கும் பக்குவம் வேண்டும். அப்பக்குவமில்லாதவர் கையில் சோதனைத் தாள் ஒரு விலக்குப் பட்டியலாக மாறி, கத்தரிக்காய், கருவாடு, தயிர், முட்டை, நிலக்கடலை என்று நீண்டு, வளரும் பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. நம் ஊர்களில் இது நிதம் நடக்கும் காரியம்.

இக்கட்சியின் குறைகளும் கவனிக்கத்தக்கவை. 5 ஆண்டு பயின்றவர்கள் அமெரிக்காவிலேயே நகரங்களில் திரண்டு நிற்க, கிராமப்புறத்தார் அவர்களைக் காண நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. மேலும், நீண்ட பயிற்சி தன்னளவில் நல்ல அறிவுக்குப் பிணையாகாது. நிலக்கடலையைச் சிறு குழந்தைகளுக்கு நெடுநாள் கொடாதிருப்பதே க்ஷேமம் என்பது மேனாடுகளில் தேர்ந்த நிபுணர்கள் கூறிவந்த உபதேசம். 2015இல் லண்டனில் 640 குழந்தைகளைக் கொண்டு நடந்த லீப் என்னும் ஆய்வு, சீக்கிரமே ஊட்டியவர்களிடத்தில்தான் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது என்று காட்டி, அவ்வுபதேசத்தைத் தலைகீழாக்கிற்று. ஆகவே ஃபெலோஷிப் கொடுக்க வேண்டியது விதிகளை மட்டுமன்று, விதிகளைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

உறுப்புக்கு ஒரு வைத்தியர் போதும் என்னும் கட்சி

இரண்டாம் கட்சியினர், மூக்கை அறிந்தவரே மூக்கின் ஒவ்வாமையையும், தோலை அறிந்தவரே தோலின் ஒவ்வாமையையும் பார்க்கட்டும் என்பர். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை வைத்தியர்கள் 1941லேயே தமக்கென ஓர் ஒவ்வாமைச் சங்கம் கண்டனர். ஜெர்மனியில் ஒவ்வாமையியல், தோல், மூக்கு, நுரையீரல், குழந்தை வைத்தியர் முதலியோர் தம் துறைமீது ஏற்றிக்கொள்ளும் ஒரு மேல்தகுதியாகவே இருந்துவருகிறது. சிக்கனமும் நடைமுறைச் சௌகரியமும் இவ்வழியின் பலம்; புதிய பதவிகள் வேண்டா, புதிய கட்டடங்கள் வேண்டா. எனினும், மூக்கும் மூச்சுக்குழலும் ஒரே பாதை, ஒன்றின் அழற்சி மற்றொன்றைத் தூண்டும் என்பதை 2001இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு வெளியான அரியா அறிக்கை வலியுறுத்திய பின், பாதையை இரண்டாக வெட்டி இருவர் காவலில் விடுவதன் நியாயம் தளர்ந்துவிட்டது. உணவு ஒவ்வாமைக்கும் மருந்து ஒவ்வாமைக்கும் உரிய உறுப்பு எது என்ற கேள்விக்கு இக்கட்சியிடம் தெளிவான மறுமொழி இல்லை.

நோயெதிர்ப்பியலோடு இணைக்கும் கட்சி

1966ஐ ஒட்டி, அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே ஆராய்ந்து கண்ட ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதம், ஒவ்வாமைக்கு அதுவரை இல்லாதிருந்த ஓர் ஆய்வுக்கூட அஸ்திவாரத்தை அளித்தது. அதுமுதல், ஒவ்வாமை என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் அத்துமீறல், நோயெதிர்ப்புக் குறைபாடு என்பது அதே மண்டலத்தின் தளர்ச்சி, இரண்டையும் ஒருவரே கற்க வேண்டும் என்னும் மூன்றாம் கட்சி வளர்ந்தது. பிரிட்டன் இதற்கொரு சுவையான சாட்சி. 1999இல் ஒவ்வாமையைத் தனித் துறையாக அங்கீகரித்தது. 2003இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ், தேவையோ பெரிது, நிபுணரோ சொற்பம் என்று அறிக்கை விடுத்தது. 2007இல் பிரபுக்கள் சபையின் விஞ்ஞானக் குழுவும் அதையே முறையிட்டது. 2021இன் பாடத்திட்டமோ ஒவ்வாமையையும் நோயெதிர்ப்பியலையும் ஒரே பயிற்சியாகக் கூட்டிவிட்டது. தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்து, இருபது ஆண்டில் மீண்டும் கூட்டுக்குடும்பத்தில் சேர்த்த கதைதான்.

இந்தியாவில் இக்கட்சிக்கு உரிய பட்டம் டி.எம். லக்னோவின் சஞ்சய் காந்தி பட்ட மேற்படிப்பு நிலையம் இதில் முன்னோடி. புதுச்சேரி ஜிப்மரிலும் நோயெதிர்ப்பியல் டி.எம். உண்டு, சண்டிகரின் பட்ட மேற்படிப்பு நிலையம் குழந்தைகளுக்கென்றே அத்தகைய படிப்பை நடத்துகிறது. எம்.டி.க்குமேல் 3 ஆண்டு பயிலும் இவர்களுடைய துறையின் முழுப்பெயரில் வாதநோயியலும் சேர்ந்திருக்கிறது. நடைமுறையில் முடக்குவாதமும் லூபஸும் இரத்தக்குழாய் அழற்சியுமே வரிசையில் முந்தி நிற்க, தும்மலும் தடிப்பும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இக்குறையைச் சுட்டும்போதே, இக்கட்சிக்குத் தமிழ்நாட்டில் தனியானதொரு நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் இந்தியாவிலேயே மிகுந்துள்ள மாநிலங்களுள் நம்முடையது ஒன்று. தாய்தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தாலன்றி வெளிப்படாத பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள் அத்தகைய குடும்பங்களில் தலைகாட்டும் வாய்ப்புக் கூடுதல். கடுமையான குறைபாட்டோடு பிறந்த சிசுவுக்கு, பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் பி.சி.ஜி. ஊசியே உடலெங்கும் பரவி உயிருக்கு அபாயமாகலாம். முந்திய குழந்தை சில மாதங்களில் காய்ச்சலில் இறந்தது என்று தாய் சொன்னதும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும் வைத்தியர் மாவட்டத்துக்கு ஒருவரேனும் வேண்டும் என்றால், நோயெதிர்ப்பியல் கலவாத ஒவ்வாமைப் பயிற்சி போதாது.

பொது வைத்தியரே போதும் என்னும் கட்சி

நான்காம் கட்சியின் வாதம் எண்ணிக்கையிலிருந்து எழுகிறது. இந்தியாவின் 12 மையங்களில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான இன்சர்ச் ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 2.05 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா உண்டு என்று கணித்தது. விழுக்காடு சிறிதாயினும் தலைகள் கோடிக்கணக்கு. உலக நோய்ச்சுமை குறித்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடோ, உலகில் ஆஸ்துமாவால் மாய்வோரில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர் என்கிறது. இத்தனை பேரும் நிபுணர் இன்மையால் மாயவில்லை. அழற்சியை அடக்கும் இன்ஹேலரை ஒழுங்காக, இடைவிடாமல், சரியான முறையில் இழுக்காததால் மாய்கிறார்கள் என்பது இக்கட்சியினரின் கூற்று. ‘பம்ப்’ பிடித்தால் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி மாத்திரைக்கும் நெபுலைசருக்கும் அலையும் குடும்பத்துக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் 10 நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, தூரத்து நிபுணரின் ஆலோசனையைவிட மதிப்பு வாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இக்கட்சி தடுமாறும் இடம் ஒவ்வாமை ஊசி. பிரிட்டனில் குடும்ப டாக்டர்கள் அவ்வூசியைத் தாராளமாகப் போட்டுவந்த காலத்தில், 1957 முதல் 26 பேர் அதனால் இறந்த செய்தியை 1986இல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்டு, உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டுமே ஊசி போட வேண்டும், போட்ட பின் 2 மணி நேரம் நோயாளியைக் காவலில் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அங்கே அவ்வூசி ஏறக்குறைய ஒரேயடியாக மறைந்தது. பயிற்சியில்லாதார் கையில் கொடுத்தால் ஆபத்து. கட்டுப்பாட்டை இறுக்கினால் சிகிச்சையே இல்லை. ஆதலால் உலக ஒவ்வாமை அமைப்பு, மாணவர் அறிய வேண்டியது ஒரு படி, பிற துறை வைத்தியர் அறிய வேண்டியது ஒரு படி, முழு நிபுணர் அறிய வேண்டியது ஒரு படி என்று தகுதிகளைப் படிவகுத்து, நான்கு கட்சிகளையும் ஒருவாறு சமரசம் செய்ய முயன்றிருக்கிறது.

நம் நாட்டின் நடுவழி

இந்தியாவில் ஒவ்வாமை வைத்தியத்தின் கதை பெரும்பாலும் நெஞ்சு வைத்தியத்தின் கிளைக்கதை. டில்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1949இல் உருவான வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையமும், அதன் முதல் இயக்குநர் ராமன் விஸ்வநாதனும், அங்கே ஒவ்வாமைப் பிரிவில் உழைத்த டி. என். சிவ்புரியும் இதற்கு வித்திட்டவர்கள். நம் வேலிகளில் படரும் நஞ்சறுப்பான் கொடியின் இலையை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து, மருந்து எது, போலி எது என்று கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாத முறையில் 1960களின் கடைசியில் சிவ்புரி குழுவினர் பரீட்சித்தது, நாட்டு மருந்தையும் நவீன முறையையும் எதிரெதிரே நிறுத்தாமல் சோதித்த ஆரம்ப முயற்சிகளுள் ஒன்று. அவ்வழியில் அடுத்து நடந்தவை அதிகமில்லை.

அமெரிக்க வாரியத்தைப் போன்று ஒவ்வாமைக்கெனவே நின்று நிலைத்த எம்.டி. பட்டமோ டி.எம். பட்டமோ இந்நாட்டில் வேரூன்றவில்லை. அந்த இடைவெளியை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அலர்ஜி, ஆஸ்துமா டிப்ளமா போன்ற படிப்புகளும், இந்திய ஒவ்வாமை, ஆஸ்துமா, நோயெதிர்ப்பியல் கழகத்தின் பயிலரங்குகளும், ஐரோப்பியக் கழகம் நடத்தும் தேர்வும் ஒருவாறு நிரப்பிவருகின்றன. இவற்றை இகழ்வது நன்றியின்மையாகும்; பணியிலிருக்கும் டாக்டரைப் பணியிலிருந்து பெயர்க்காமலே ஒரு கலையைக் கற்பிப்பது நம் போன்ற தேசத்துக்கு இன்றியமையாத வழி. எனினும் புத்தகத்தாலும் சில நாள் பட்டறையாலும் கைவராதது ஒன்றுண்டு. ஒவ்வாமை ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே வரும்போது, நோயாளிக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கி, குரல் கம்மி, முகம் சிவக்கும் கணத்தில், அட்ரினலினைத் தொடைத்தசையில் உடனே செலுத்தும் துணிவு, அதை ஒரு மூத்தவர் அருகிலிருந்து செய்யக் கண்டவருக்கே எளிதில் வரும்.

ஃபெலோஷிப்பையே குறைகூறுவோர் மறந்துவிடும் இன்னொரு சங்கடம் மருந்துச் சாறு. மேனாடுகளில் தூசுப்பூச்சிச் சாறும் மகரந்தச் சாறும் இத்தனை வீரியம் என்று அலகிட்டு வருகின்றன. இங்கே வழங்கும் சாறுகளில் பெரும்பகுதி, இத்தனை பொருளை இத்தனை நீரில் ஊறவைத்தது என்னும் எடைக்கணக்கில் நிற்பவை. புட்டிக்குப் புட்டி வீரியம் மாறக்கூடும். 2009இலும் 2017இலும் இந்நாட்டு நிபுணர்கள் ஒவ்வாமை ஊசிக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். கற்றவர் கைக்குக் கருவி சரியாக வாய்க்கவேண்டும் என்னும் கவலை அவற்றிலும் தொனிக்கிறது.

டெல்டா கேட்கும் பாடங்கள்

அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்துவந்து திருவாரூரில் ஒருவரை அமர்த்தினால் அவர் எங்கெங்கே இடறக்கூடும் என்று பார்ப்பது, இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத பகுதி.

முதலாவது, நம் ஊர்ப் பெரியவர்கள் இளைப்பு இருமல் எல்லாவற்றையும் ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லும் வழக்கத்துக்குப் பின்னே ஒரு மெய்யான சரித்திரம் இருக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியத்தில் ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் இருவரும், காசம்போல் தோன்றிக் காசமல்லாத ஒரு நுரையீரல் நோயை, இரத்தத்தில் ஈசனோஃபில் அணுக்கள் அளவிறந்து பெருகும் அடையாளத்தோடு 1940இல் வெளியிட்டனர். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு உஷ்ணப் பிரதேச ஈசனோஃபிலியா என்று பெயரிட்டார். 1960இல் வேலூரின் வெப், ஜாப், கால்ட் மூவரும் அந்நோயாளிகளின் உடலிழையங்களில் யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளைக் கண்டு காட்டினர். புழுவின்மீது உடம்பு கொள்ளும் மட்டுமீறிய ஒவ்வாமையே இது. நடுஇரவில் இருமலும் இளைப்பும் வாட்டும், ஐ.ஜி.ஈ. ஏறியிருக்கும், ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் சிறிது தணியவும் செய்யும். ஆனால் ஈசனோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 3,000ஐத் தாண்டி நிற்பதைக் கவனித்து, டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை 3 வாரம் கொடுத்தால்தான் நோய் விலகும். விட்டுவிட்டால் நுரையீரல் நாளடைவில் நார்கட்டிப் போகக்கூடும். தஞ்சை, கும்பகோணம், நாகைப் பகுதிகள் யானைக்காலுக்குப் பேர்போனவை. அந்நோய் இப்போது வெகுவாகக் குறைந்திருப்பதே, இளைய டாக்டருக்கு இச்சந்தேகம் தோன்றாமற்போவதற்கும் காரணமாகலாம்.

இரண்டாவது, பாம்புக்கடி. வயல்வரப்பில் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும், தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியனும் தீண்டும் இந்த நாட்டில், நஞ்சுமுறி மருந்து குதிரையின் இரத்தநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்குரிய நஞ்சில் பெரும்பங்கை, 1978இல் தொடங்கப்பெற்ற வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கிவருகிறது. அம்மருந்து ஏறும்போது அரிப்பும் தடிப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாவது அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்ஸுகளும் அடிக்கடி எதிர்கொள்ளும் காட்சி. பிர்க்கேயும் பேலா ஷிக்கும் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்த குதிரை இரத்தநீரின் விளைவுகளை ஆராய்ந்து 1905இல் எழுதிய நூலிலிருந்துதான் ஒவ்வாமைச் சாஸ்திரத்தின் பெரும்பகுதி கிளைத்தது என்பதை நினைத்தால், அவர்கள் ஏட்டில் எழுதியதை டெல்டா டாக்டர்கள் கையால் செய்துவருகிறார்கள் என்பது விளங்கும். பட்டம் இல்லாவிடினும், அனஃபிலாக்சிஸ் என்னும் பேரபாயத்தை எதிர்கொண்ட அனுபவத்தில் இவர்கள் எந்த ஃபெலோவுக்கும் இளைத்தவர்கள் அல்லர். இந்த அனுபவத்தைப் பாடமாக்க எந்தக் கட்சியும் முன்வரவில்லை என்பது வியப்பே.

மூன்றாவது, நெல். 1984இல் மலேசியாவிலிருந்து, அரிசி ஆலைத் தொழிலாளரிடம் கண்ட கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, மூச்சுக்கோளாறு ஆகியவற்றைத் தொகுத்து அரிசி ஆலையர் நோய்த்தொகுதி என்று ஓர் அறிக்கை வந்தது. உமித்தூசியில் கூரிய சிலிகா முட்களும் பூஞ்சை வித்துகளும் சேமிப்புப் பூச்சிகளின் கழிவும் கலந்திருப்பதால், எது உராய்ந்து புண்படுத்துகிறது, எது ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. ஈரவைக்கோலில் சூடேறி வளரும் நுண்ணுயிர்களைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் அழற்சி மேனாட்டு உழவரிடம் 1932 முதலே வருணிக்கப்பட்டிருக்கிறது, அது ஐ.ஜி.ஈ. வழியில் வருவதன்று, ஆகவே தோல் குத்துச் சோதனையில் அகப்படாது. களத்தில் கதிரடித்த காலம் போய் அறுவடை இயந்திரம் வந்தபின், தூசி முன்போல் பலர்மீது சிறுகச் சிறுகப் படியாமல், இயந்திரத்தோடும் கொள்முதல் நிலையத்தோடும் கட்டுண்ட சிலர்மீது மொத்தமாய்ப் படிகிறது. இவர்களுக்கு வேண்டியது ஊசியா, முகக்கவசமா, வேலைமாற்றமா என்று கூறத்தக்க நிபுணர், தொழில்நோய்களும் அறிந்தவராயிருக்க வேண்டும்.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். சாலையோரமெங்கும் மண்டிய சீமைக் கருவேலத்தின் மகரந்தம், பார்த்தீனியச் செடி தோலில் எழுப்பும் கரப்பான், கடற்கரை ஊர்களின் இறால், நண்டு ஒவ்வாமை, அதற்கும் கரப்பான்பூச்சிக்கும் தூசுப்பூச்சிக்கும் பொதுவான புரதம், பென்சிலினுக்கு முன் ‘டெஸ்ட் டோஸ்’ போட்டு ஒருமுறை தடித்ததென்று ஆயுள் முழுதும் அம்மருந்தை மறுக்கும் வழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தனிப்பாடம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் காற்றிலுள்ள ஒவ்வாப் பொருள்களை ஆராய்ந்து 2000த்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊர்தோறும் பருவந்தோறும் மாறும் காற்றை ஒருமுறை அளந்து ஓய்ந்திருக்க முடியாது.

தீராது நிற்பவை

ஒவ்வாமை, நோயெதிர்ப்பியலோடு சேர்வதா அன்றி நெஞ்சு வைத்தியத்தோடு தங்குவதா என்னும் வழக்கு சாஸ்திரத்தால் மட்டும் தீரக்கூடியதன்று. பிரிட்டன் இரு திசையும் சென்று திரும்பியிருக்கிறது. நிபுணரைப் பார்த்தவர்கள் நலமாயிருக்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுகளிலும், வசதியும் விழிப்பும் உள்ளவரே நிபுணரைத் தேடிச் செல்கிறார்கள் என்னும் ஐயம் கலந்தே இருக்கிறது. சாற்றின் வீரியம் நிலைப்படாத வரையில், ஊசி போடக் கற்பிக்கும் பயிற்சிக்கு எவ்வளவு முதன்மை அளிக்கலாம் என்பதும் விவாதத்துக்குரியதே. குறும்படிப்பு கற்றவர்களால் நோயாளிகளுக்கு விளைந்த நன்மையையும் தீமையையும் வைத்துத்தான் அப்படிப்பின் மதிப்பைத் தீர்மானிக்க முடியும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், நம்மைப் போன்ற பிரதேசத்துக்கு உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், மார்பு நோய் ஆகிய மூன்றில் ஒன்றின்மேல் ஏறும் 2 ஆண்டு ஃபெலோஷிப்பைச் சில இடங்களில் மட்டும் உறுதியாக நடத்துவதும், அங்கே பயின்றவர்கள் மாவட்டக் கல்லூரிகளில் அமர்ந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குக் கற்பிப்பதும் ஏற்கத்தக்க வழியாகத் தோன்றுகிறது. தஞ்சையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கல்லூரியும், திருவாரூரில் 2010இல் தொடங்கி ஆண்டுக்கு 100 மாணவரைச் சேர்க்கும் கல்லூரியும் இருக்கின்றன. அரசுப் பணியிலுள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பிலும் உயர்சிறப்புப் படிப்பிலும் 50 விழுக்காடு இடத்தைப் போராடிப் பெற்ற மாநிலம் இது. படித்தவர் அரசாங்கத்துக்கே திரும்பும் ஏற்பாடு இங்கே புதிதன்று. திரும்பி வருபவருக்கு ஒவ்வாமை வைத்தியர் என்ற பெயரில் நாற்காலி கிடையாது என்பதே குறை. நாற்காலியில்லாத படிப்பை நாடி, குடும்பத்தையும் பணியையும் விட்டு ஒரு கிராமத்து டாக்டர் 2 ஆண்டு போக மாட்டார். மருத்துவக் கல்வி இயக்குநரகம் பாடத்திட்டத்தைப் பற்றிய வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். டெல்டாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலில் ஒரு பணியிடத்தை உண்டாக்கட்டும்.